நீலப் பொடியில் இருபத்துமூன்று அறைகள்

நாடாக்கா ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாடுகூட நின்றுகொண்டேதான். டப்பாவை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருப்பார். "உக்காருங்கக்கா, நாற்காலி ஒண்ணும் கடிக்காது" என்றால், "இந்த ரூமு பதினாலரை அடி. பிளான்ல பதினஞ்சுன்னு போட்டிருக்கான். எப்படி உக்கார்றது?" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டுப் போவோம்.

நான் நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் தட்டச்சர். அவர் வரைவாளர். இருபத்திரண்டு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, வீடு வீடாகப் போய் அளவு எடுக்கிற குழுவில் வேறு பெண் கிடையாது. பெண்கள் தனியாக இருக்கிற வீட்டுக்குள் ஆண்கள் நுழைந்தால் வாசலிலேயே வாக்குவாதம் ஆகும் என்பதால் இவரைத்தான் முன்னால் அனுப்புவார்களாம். தோளில் தோல் உறை போட்ட அளவு நாடா, கையில் உள்ளங்கை அகலத்தில் ஓர் அளவுப் புத்தகம், காதில் பென்சில். தெருப் பிள்ளைகள் "நாடாக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அலுவலகமும் பிடித்துக்கொண்டது. இப்போது வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் இல்லை.

கணினியில் வரைகிற இளசுகள் வந்ததும், முழங்கால் வலியைச் சாக்காக வைத்து, அவரைக் கீழ்த்தளத்துப் பதிவறைக்குத் தள்ளிவிட்டார்கள். பதிவறை என்றால் பன்னிரண்டு இரும்பு அலமாரிகள், துணிநாடாவால் கட்டிய கோப்புக் கட்டுகள், ஒரு மேசை, ஜெனரேட்டரைப் பார்த்த ஒரு ஜன்னல். யாராவது பழைய பிளான் கேட்டு வந்தால் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். வராத நாளில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரியாதவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓவியர் வந்தார். பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தளவு முடி, தோளில் மூட்டை மாதிரி ஒரு துணிப்பை. ஆணையர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார், பழைய ஆவணங்களை வைத்துக் கலைப்படைப்பு செய்யப்போகிறார், உதவவும் என்று அதில் இருந்தது. நான்தான் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.

"புது ரோடு போடறதுக்காக இடிச்ச தெரு ஒண்ணு உண்டாமே மேடம், நாப்பத்தோரு வீடு. அந்த ஃபைலைப் பாக்கணும்" என்றார் ஓவியர்.

நாடாக்கா நடையை நிறுத்தினார்.

"அது இடத்துல இல்ல. தேடி வைக்கிறேன். அடுத்த வாரம் வாங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கட்டு மூன்றாவது அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. எனக்கே தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வலிக்கிற முழங்காலோடு ஒரு நாளைக்கு நாலு தடவை மாடியேறி எங்கள் பிரிவுக்கு வருவார். "என்னக்கா?" என்றால், "ஒண்ணுமில்ல" என்று திரும்பிவிடுவார். அலமாரிகளை எல்லாம் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினார். மூன்றாவது அலமாரியை மட்டும் தொடவில்லை.

அந்தத் தெருவின் கதையை ஊரில் பாதிப் பேர் அறிவார்கள். இருபத்தேழு வருடத்துக்கு முன் புதிய சாலைக்காக நாற்பத்தோரு வீடுகளை நகராட்சி இடித்தது. வீட்டுக்காரர்களுக்கு நகரத்தின் இன்னொரு மூலையில் மாற்று வீடு கொடுத்தது. கடைசியில் சாலையின் வரைபடத்தை மாற்றினார்கள். சாலை நூறு அடி தள்ளிப் போயிற்று. இடித்த இடம் சும்மா கிடந்து, நகராட்சி வண்டிகளை நிறுத்துகிற மைதானம் ஆயிற்று. இதில் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதை நாடாக்கா யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

இடிப்பதற்கு முன் அந்தத் தெருவை அளந்தவர் அவர்தான். மூன்று வாரம் ஒவ்வொரு வீடாகப் போய் அளந்தார். பல வீடுகளின் பின்னால், அனுமதி வாங்காமல் கட்டிய ஓர் அறை இருந்தது. தகரக் கூரை, ஒற்றைச் செங்கல் சுவர். அதில் ஒரு குடும்பம். கணவனை இழந்த தங்கை, கல்யாணமான மகன், வாடகைக்கு வந்தவர் என்று யாராவது. அப்படி இருபத்துமூன்று அறைகள். எல்லாவற்றையும் அளந்து இரண்டு புத்தகங்களில் பென்சிலால் எழுதினார். பெரிய தாளில் வரைபடமும் போட்டார். அப்போதைய பொறியாளர் பார்த்துவிட்டு, "அனுமதி வாங்கின பிளான்ல இருக்கறது மட்டும்தான் வீடு. இதெல்லாம் எதுக்கு? அழிச்சுடு" என்றாராம். "புக்குல இருக்கே சார்" என்று இவர் சொல்ல, "அப்ப அந்த புக்கைக் கிழிச்சுப் போடு" என்று வந்தது பதில்.

வரைபடத்தில் இருந்ததை அழித்தார். புத்தகங்களைக் கிழிக்க மட்டும் கை வரவில்லை. கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர், மகளின் தடுப்பூசி அட்டைகளோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வரைபடத்தில் இல்லாத அறைக்காரர்களுக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை.

ஓவியர் மறுவாரம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். வேறு வழியில்லாமல் நாடாக்கா கட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒன்றரை மாதம் ஓவியர் எங்கள் பதிவறையிலேயே குடியிருந்தார் என்றே சொல்லலாம். தரையில் தாளை விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பார். எழுத்தைப் படிப்பது மட்டுமல்ல, குண்டூசி குத்திய ஓட்டையை எண்ணுவார், டீக் கறையைப் படம் பிடிப்பார், தாளை மோந்து பார்ப்பார். ஒரு படமும் வரையவில்லை. "ஓவியர்னு சொன்னாங்க, கோடு ஒண்ணு இழுக்கக் காணோமே" என்று எங்கள் பிரிவில் ஓயாத கேலி. "படம் போடாத ஓவியர்" என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நாடாக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஓவியர் கேட்கிற கேள்விகள் அவரைப் பாடாய்ப் படுத்தின. மற்றவர்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இவரோ, "இதுல என்ன இல்லக்கா?" என்று கேட்டார்.

"இல்லாததை நான் எப்படிம்மா சொல்றது?"

"இந்தத் தெருவுல நாப்பத்தோரு குழாய் இணைப்பு. சரி. ஆனா தண்ணி வரலைன்னு புகார் குடுத்தவங்க அறுபது பேரு. நாப்பத்தோரு வீட்டுல இருந்து அறுபது குடும்பம் எப்படிக்கா புகார் குடுக்கும்?"

நாடாக்கா, "கூட்டுக் குடும்பமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அதற்கு மூன்றாம் நாள் ஓவியர் பெரிய வரைபடத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளை. சாய்த்தால், பதினேழாம் எண் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுரத்தின் தடம். பென்சிலை அழித்துவிடலாம், அழுத்தி வரைந்த பள்ளம் போகாது. பதினேழு மட்டுமல்ல, தெரு நெடுக அந்தத் தடங்கள் இருந்தன.

"இதை யாரு வரைஞ்சிருப்பாங்க?" என்று ஓவியர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

தாளின் மூலையில் வரைந்தவரின் சுருக்கொப்பம் இருந்தது. இன்றைக்கும் நாடாக்கா அதே ஒப்பத்தைத்தான் போடுகிறார். ஒளித்துப் பிரயோஜனமில்லை.

"நான்தான்" என்றார்.

"அழிச்சது?"

"அதுவும் நான்தான்."

ஓவியர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்று பின்னால் என்னிடம் நாடாக்கா சொன்னார்.

பிறகுதான் ஓவியரின் திட்டம் தெரியவந்தது. அந்த மைதானத்தில் இருக்கும் வண்டிகளை ஒரு சனி, ஞாயிறு மட்டும் வெளியேற்றிவிட்டு, தரையில் அந்தத் தெருவை முழு அளவில் வரையப்போகிறார். ஓர் அடிக்கு ஓர் அடி. சுவர் இருந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடியில் கோடு, வாசல் இருந்த இடத்தில் இடைவெளி. தெருவில் இருந்தவர்களை வரவழைத்து அதற்குள் நடக்கவிடுவார். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்வார். "ஃபைலை எல்லாரும் உக்காந்து படிக்கறாங்கக்கா. உள்ள போய் நடந்து பாத்தா வேற மாதிரி பேசும்" என்றார். நாடாக்காவை வந்து அளந்து கொடுக்கச் சொன்னார். நாடாக்கா முழங்காலைக் காட்டி முடியாது என்றுவிட்டார்.

ஆனாலும் சனிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சும்மா பார்க்க வந்தேன் என்றார். நானும் அப்படித்தான் போயிருந்தேன். உள்ளே ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் நாடாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிடித்த முனை முழங்காலளவுக்குத் தொங்கியது. நாடாக்கா கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு வேலியின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"தொய்வா புடிக்காதம்மா, நாலு அங்குலம் கூடக் காட்டும். இந்தா, இப்படிக் குடு."

அதற்கப்புறம் யாரும் அவரைத் தடுக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவர்தான் காட்டினார். மைதானத்து வேலிக்கு வெளியே இருந்த பழைய எல்லைக்கல்லை எல்லாரும் மறந்திருந்தார்கள். அங்கே நூலைக் கட்டி அளக்க ஆரம்பித்தார். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பத்து மணிக்குள் நாற்பத்தோரு வீடும் வெள்ளைக் கோடுகளாக விரிந்து கிடந்தன.

சொல்லியனுப்பியிருந்த தெருக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் கூச்சத்தோடு ஓரமாக நின்றார்கள். பிறகு ஒரு பெரியவர் ஒன்பதாம் எண்ணுக்குள் வாசல் வழியாகவே நுழைந்தார். கோட்டைத் தாண்டிப் போயிருக்கலாம், போகவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரே இரைச்சல். "இது நம்ம ரூமா? இவ்வளவுதானா இருந்துச்சு?" "இங்கதான்டா நீ கட்டில்ல இருந்து விழுந்தே." அண்ணன் தம்பி இரண்டு பேர் சமையலறையில் நின்று யாருக்கு எந்த மூலை என்று பழைய சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். ஓவியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாக ஓடினார். நாடாக்காவும் கையில் பொடிச் சட்டியோடு அலைந்து, மிதிபட்டு அழிந்த கோடுகளைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

பதினேழாம் எண்ணுக்குப் பின்னால், கோடே இல்லாத வெறுந்தரையில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கழுத்தில் தையற்காரர்களின் அங்குல நாடா தொங்கியது. கடையிலிருந்து நேரே வந்திருப்பார் போலிருந்தது.

நாடாக்கா அவரிடம், "எந்த வீடும்மா உங்களுது?" என்று கேட்டார்.

"அதைத்தான் தேடறேன். பதினேழுக்குப் பின்னாடி ரூமு. நானும் எங்கம்மாவும் இருந்தோம். எல்லாருக்கும் போட்டிருக்கு, எங்களுக்குக் காணோம்." சொல்லிக்கொண்டே நாடாக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே அன்னிக்கு அளக்க வந்தது?"

நாடாக்கா பொடிச் சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்கதான். தண்ணி கேட்டீங்க, நான்தான் சொம்புல கொண்டுவந்து குடுத்தேன். அம்மா படுத்திருந்தாங்க. அவங்களை எழுப்ப வேணாம்னு சொல்லிட்டு, கட்டிலைச் சுத்தி அளந்தீங்க. அளந்தாச்சு, இனி வீடு வந்துரும்னு அம்மா அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. வீட்டைப் பாக்காமலே போய்ச் சேந்துட்டாங்க. ஒரு வருஷம் ஆபீசுக்கு நடந்தேங்க. அப்படி ஒரு ரூமே இல்லைன்னுட்டாங்க. அளந்தாங்களேன்னேன். யாரு அளந்தான்னு கேட்டாங்க. எனக்கு உங்க பேரு தெரியல."

அவர் அழவில்லை, சத்தமும் போடவில்லை. யாரோ ஒருவருக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். நாடாக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மைதானத்தைவிட்டு வெளியே போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறியவரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார். அவருடைய வீட்டுக்காரர் தண்ணீர் பம்பு பழுதுபார்ப்பவர். அன்றைக்குக் கூடத்தில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். மனைவி நேரே பீரோவுக்குப் போய், தடுப்பூசி அட்டைகளுக்கு அடியிலிருந்து இரண்டு புத்தகங்களை உருவி எடுத்ததைப் பார்த்துவிட்டு, "அது என்ன?" என்றார்.

நாடாக்கா எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக, மோட்டாரைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னார். வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இப்ப இதை வெளிய எடுத்தா என்ன ஆகும்?"

"மெமோ குடுப்பாங்க. சஸ்பெண்டுகூடப் பண்ணலாம்."

"மூணு வருஷந்தானே இருக்கு. அதுக்கப்புறம் எடுக்கக் கூடாதா?"

"அந்தப் பொண்ணோட அம்மா செத்துப்போயிட்டாங்களாம். இன்னும் மூணு வருஷத்துல எத்தனை பேரு மிச்சம் இருப்பாங்க?"

வீட்டுக்காரர் மோட்டாரிலிருந்து ஒரு நட்டைக் கழற்றித் தட்டில் போட்டார். பிறகு, "ஜெராக்ஸ் எடுத்தியா?" என்றார். நாடாக்காவுக்குப் புரியவில்லை. "உங்க ஆபீசுக்காரங்களை நம்பி ஒரிஜினலைக் கொண்டுபோறியே. முதல்ல மூணு காப்பி எடு. ஒண்ணு மக வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் திருப்ப ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாடாக்கா புத்தகங்களோடு மைதானத்துக்கு வந்தார். கூடவே கட்டடச் சாமான் கடையில் வாங்கிய, கொத்தனார்கள் நூல் அடிக்கிற நீலப் பொடி இரண்டு பொட்டலம்.

ஓவியர் புத்தகங்களை வாங்கி, தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அறையின் படம், நீளம், அகலம், வாசல், ஜன்னல். ஓரத்தில் பொடி எழுத்தில், யார் இருக்கிறார்கள் என்ற குறிப்பு. "அக்கா, இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும். நடுவுல. சுத்தி விளக்குப் போட்டு. இதுதான் இந்தப் படைப்போட உயிரே" என்றார்.

"பெட்டிக்குள்ள வெச்சா நான் எதைப் பாத்து அளக்கறது?"

"போட்டோ எடுத்துட்டு..."

"இல்லம்மா. வேடிக்கை பாக்கறதுக்காக இதை நான் வெச்சிருக்கல. இத்தனை வருஷம் பொட்டிக்குள்ளதான் இருந்துச்சு. போதும்."

ஓவியரின் முகம் சுண்டிப்போனது. அவருக்கும் இது வருடக்கணக்கான உழைப்பு. இரண்டு பேரும் அரை மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓவியர்தான் போய் நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். தொய்வில்லாமல் பிடித்தார்.

வெள்ளைத் தெருவுக்குப் பின்னால் நீல அறைகள் ஒவ்வொன்றாக எழும்பின. எதுவும் பத்துக்குப் பன்னிரண்டைத் தாண்டாது. சில வெறும் எட்டுக்கு எட்டு. செய்தி பரவி, முந்தின நாள் வராதவர்களும் வந்தார்கள். தையற்காரம்மா பதினேழுக்குப் பின்னாலிருந்த நீலச் சதுரத்துக்கு எதிரே வந்து நின்றார். உள்ளே போவதற்குப் பதில், "வாசல் தப்பா இருக்கு" என்றார்.

நாடாக்கா புத்தகத்தைப் புரட்டினார். "கிழக்குப் பக்கம்னுதான் எழுதியிருக்கேன்."

"அது ஜன்னலு. வாசல் வடக்க. அம்மாவைத் தூக்கிட்டுப் போனது வடக்கு வழியாத்தான். எனக்குத் தெரியாதா?"

"நான் அளந்து எழுதினதும்மா."

"நான் அங்க இருந்தவங்க."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினேழாம் எண் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், அவர் தெற்கே கையைக் காட்டினார். கடைசியில் நாடாக்கா குனிந்து, கிழக்கிலும் வடக்கிலும் பொடியைக் கையால் துடைத்து இரண்டு வாசல் விட்டார். "முப்பத்துமூணு வருஷ சர்வீசுல இப்படிக் கோட்டை விட்டது இதுதான் முதல் தடவை" என்று முனகினார். தையற்காரம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வடக்கு வழியாக உள்ளே போய், ஓர் ஓரமாகக் கட்டில் அகலத்துக்கு இடம் விட்டு, தரையில் உட்கார்ந்தார். மாலை வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நகராட்சியின் குப்பை லாரிகள் கோடுகள்மேல் ஏறித் தத்தம் இடங்களில் நின்றன. பதினொரு மணிக்குப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு மெமோ அடிக்கச் சொன்னார். இவர் பழைய பொறியாளர் இல்லை, அதற்கப்புறம் வந்தவர்களில் ஐந்தாமவர். "அலுவலக ஆவணங்களை அனுமதியின்றி இருபத்தேழு ஆண்டுகள் தன் வசம் வைத்திருந்தது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்." அடிக்கும்போது என் விரல்கள் இரண்டு தடவை தப்பு எழுத்தில் விழுந்தன. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாடாக்கா நின்றுகொண்டே படித்தார்.

"நீதான் அடிச்சியா?"

"ஆமாக்கா."

"மார்ஜின் சரியா விட்டிருக்கே" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

ஆறு நாள் பதில் எழுதவில்லை. பதிவறைக்குள் அவருடைய காலடிச் சத்தம் மேலே வரை கேட்டதாக ஞாபகம், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. ஏழாம் நாள் ஒரு கால் தாளை என் மேசையில் வைத்து, "இதையும் நீயே அடிச்சுக் குடு" என்றார். மூன்று வரிதான். "மேற்படி இரு புத்தகங்களும் அலுவலக ஆவணங்கள் எனில், அவற்றைப் பெற்றுக்கொண்டு பதிவு எண் வழங்கவும், அவற்றில் கண்டுள்ள இருபத்துமூன்று குடியிருப்புகளையும் அளவெடுத்து உறுதி செய்யப்பட்டவையாகக் கருதவும் வேண்டுகிறேன். அலுவலக ஆவணங்கள் அல்ல எனில், நான் வைத்திருந்தது என் சொந்த நோட்டுப் புத்தகங்களே. மெமோவைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்."

பொறியாளர் அதை மூன்று தடவை படித்தார். "இந்தம்மா நம்மளையே சுத்தி வேலி போட்டுட்டாங்களே" என்றார். கோப்பு மேலே போயிற்று, சட்டப் பிரிவுக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. நாடாக்காவைப் பதிவறையிலிருந்து எடுத்து, முன்வாசல் விசாரணைக் கவுன்டரில் போட்டார்கள். எட்டு மணி நேரமும் நாற்காலியில் உட்கார வேண்டிய வேலை. தெரிந்துதான் செய்தார்களோ என்னவோ. அவர் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றே பதில் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்துப் புத்தகங்கள் இரண்டையும் அலுவலகம் பெற்றுக்கொண்டு எண் போட்டது. தண்டனை எதுவும் இல்லை, பாராட்டும் இல்லை. அந்தப் புத்தகங்களில் கண்டவர்களோ வாரிசுகளோ மாற்று வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது. ஓவியர் வேறொரு நகரத்தில் கண்காட்சி வைத்தார். மேலேயிருந்து எடுத்த படத்தில் வெள்ளையும் நீலமுமாக அந்தத் தெரு ஒரு சுவர் முழுக்க இருந்தது. பக்கத்தில் ஒலிபெருக்கியில், வாசல் கிழக்கா வடக்கா என்ற சண்டை. நாடாக்காவுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார், நானும் கூடப் போனேன். நாடாக்கா பத்து நிமிடம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று ஓவியரிடம் சொன்னார். பிறகு, "இதைப் பாத்துட்டு யாராவது வந்து, இது எங்க ரூமுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். ஓவியர் இல்லை என்று தலையாட்டினார். அதோடு நாடாக்காவுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

இருபத்துமூன்று குடும்பங்களில் இதுவரை பதினாலு கிடைத்திருக்கின்றன. மூன்று பேருக்கு வீடு வந்துவிட்டது. தையற்காரம்மாவின் விண்ணப்பம் இன்னும் சட்டப் பிரிவில் இருக்கிறது, தாயின் இறப்புச் சான்றிதழில் விலாசம் சரியில்லையாம். அவர் அதற்கும் நடந்துகொண்டிருக்கிறார், நடுவில் சனிக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு நாடாக்காவோடு மற்றவர்களைத் தேடவும் போகிறார். இரண்டு பேரும் சினேகிதிகள் என்று சொல்ல மாட்டேன். வாசல் விஷயத்தில் இன்னும் ஒருவரையொருவர் மன்னித்ததாகத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை நானும் போனேன். முப்பத்தோராம் எண்ணுக்குப் பின்னால் இருந்த கொல்லர், நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு பட்டறையில் இருப்பதாகத் தகவல். இரண்டு பஸ் மாறி, ஒரு மரக்கடைச் சந்துக்குள் நுழைந்து, நாலு பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தோம். நாடாக்கா முன்னால் போய்க்கொண்டே இருந்தார். "கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன், யாரு துரத்தறா?" என்று பின்னாலிருந்து தையற்காரம்மா கத்தினார். பட்டறை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "அவரு மக வீட்டுக்குப் போயிருக்காரு. ஆறு மணிக்கு வருவாரு. உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார்.

மணி நாலேகால். நானும் தையற்காரம்மாவும் உட்கார்ந்தோம். தையற்காரம்மா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தார். நாடாக்கா சந்தின் முனை வரை போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார், பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், மறுபடி முனைக்குப் போனார்.